எழுத்தில்லாப் படக்கதையா, அன்றாடப் பேச்சா?

மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தை ‘ஓடினான், விழுந்தான்’ என்று நடந்ததைச் சொல்லிவிடும். ‘நினைத்தான், மறந்துவிட்டான், ஏமாந்தான்’ என்று மனத்துக்குள் நடப்பதைச் சொல்லத்தான் பெரும்பாலும் திணறும். இதை வீட்டில் வளர்க்க எது உதவும் என்று குழம்பும் பெற்றோருக்காக:

செலவு: படக்கதைக்கு ஒரு புத்தகம் வேண்டும். பேச்சுக்கு ஒன்றும் வேண்டாம்.

நினைவுச் சுமை: படக்கதையில் நிகழ்ச்சி கண்முன்னே இருக்கிறது. நேற்றைய சண்டையைச் சொல்லவோ நிகழ்ச்சி, வரிசை, சொல் மூன்றையும் ஒருசேரத் திரட்ட வேண்டும்.

மனச்சொற்கள்: உண்மையான வேறுபாடு இங்கேதான். ஒரு படக்கதையில் பையன் பந்தை எடுக்கப் பெட்டியைத் திறக்கப் போகிறான். பந்தை வேறிடத்துக்கு மாற்றியது அவனுக்குத் தெரியாது. ‘பெட்டியில் பந்து இருக்கிறது என்று நினைக்கிறான்’ என்ற வாக்கியத்துக்குப் படமே இடம் அமைத்துத் தருகிறது. பிறர் தவறாக நினைப்பதைக் குழந்தைகள் புரிந்துகொள்கிறார்களா என்று 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் சோதித்தது இத்தகைய இடமாற்றக் கதையால்தான். இப்படி வாக்கியத்துக்குள் வாக்கியத்தைப் பொதிவது மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கடினம். பேச்சு ‘பிடிக்கும், வேண்டும்’ என்பதோடு நின்றுவிடலாம். ஆனால் குழந்தையின் சொந்தக் கோபத்தை எந்தப் புத்தகமும் தராது.

முன்னேற்றம் அறிய: அதே படக்கதையைச் சில மாதம் கழித்துச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும். பேச்சில் அப்படி எளிதில் ஒப்பிட முடியாது.

வாக்கியம் கட்டத் திணறும் குழந்தைக்குப் படக்கதை. சொல் தெரிந்தும் தன்னைப் பற்றிப் பேசாத குழந்தைக்கு உரையாடல். எதுவானாலும், ‘அவன் என்ன நினைத்தான்?’ என்று தேர்வு நடத்தித் துளைக்காதீர்கள். முதலில் நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.