ஐந்து நிமிட ஸ்டார்ட்டும் இரண்டாம் நம்பர் இன்ஜெக்டரும்

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. பத்து வருடம் வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டே சில ஏலங்களில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டுகிற ஊர் அது. நாமெல்லாம் எம்ஆர்டி ரயில் ஆட்கள். அதனால் கும்பகோணம் வந்தால் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு சுற்றுவதில்தான் என் விடுமுறையின் பாதிச் சந்தோஷம். 2014 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். இத்தனை வருடத்தில் 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதில் அப்பாவுக்குப் பெரிய பெருமை.

இந்த முறை சாவியைத் திருப்பியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான் எஞ்சின் பிடித்தது. பிடித்த பிறகும் வண்டி நின்ற இடத்தில் உதறியது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் நிற்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஏசி போட்டால் உதறல் இன்னும் கூடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. ஐம்பதுக்கு மேல் போனால் அவ்வளவாகத் தெரியவில்லை. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது.

"அது ஒரு மாசமா எரியுதுப்பா, பழகிப்போச்சு" என்றார் அப்பா.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் இப்படியெல்லாம் கிடையாது. உட்காரக் குளுகுளு அறை, நல்ல காபி, வண்டியின் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். ஸ்கேனரைச் செருகி, பி0302 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்திருப்பதாகவும் சொன்னார்கள். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அதற்குப் பொருள். அதுவரை சரி.

அப்புறம் டேப்லெட்டைத் தட்டி எஸ்டிமேட் நீட்டினார் அந்த இளைஞர். சிலிண்டருக்குப் பெட்ரோல் விசிறும் இன்ஜெக்டர் மூன்றும் புதிது, கூலி, கூடவே எஞ்சினுக்குள் ஊற்றும் ஏதோ ஒரு டப்பா. மொத்தம் 16,800 ரூபாய். "இன்ஜெக்டர்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கோடு வந்திருக்கே சார்." இரண்டாவது சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று மட்டும்தான் கோடு சொல்கிறது. பொறி கிளப்பும் பிளக் போயிருக்கலாம், அதற்கு மின்சாரம் தரும் காயில் போயிருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம், காற்று எங்காவது கசியலாம். கழற்றிப் பார்த்தீர்களா என்றால், "பழைய வண்டி சார், மாத்திடறது சேஃப்" என்றார். ஸ்கேன் செய்ததற்குப் பணம் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். தாராசுரம் போகிற வழியில் தகரக் கொட்டகை. ஐம்பது வயது இருக்கும். எனக்கு அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிட வரும். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, சைலென்சர் பக்கம் போய்க் குனிந்து ஒரு நிமிடம் கேட்டார். "ஒரு சிலிண்டர் வேலை செய்யலை தம்பி. ஏன்னு பார்ப்போம். நேரம் இருக்குல்ல?"

நேரம்தான் விடுமுறையில் இருக்கிற ஒரே சொத்து. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டினார், ஒன்றாவதை இரண்டில். மிஸ்ஸிங் இடம் மாறவில்லை. ஆக, காயில் நல்லது. பிளக்குகளை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஒன்றும் மூன்றும் காபித் தூள் நிறத்தில் இருந்தன, இரண்டாவது மட்டும் வெளிறிப்போய் இருந்தது. பெட்ரோல் குறைவாகப் போனால் இப்படி வெளுக்குமாம். பிளக் துவாரத்திலேயே கேஜை மாட்டி கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காற்றை அழுத்திப் பிடிக்கும் பலம், பார்த்தார். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு. "எஞ்சின் நல்லா இருக்கு, அப்பாட்ட சொல்லுங்க, பயப்பட வேணாம்."

பிளக்கைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர்களின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். ஒன்றாவதைப் பிடுங்கியதும் எஞ்சின் அணையப் பார்த்தது. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை! சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆள் லீவு போட்டால் எப்படியோ அப்படி. அடுத்து நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அந்த இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியை என் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். டிக்டிக்டிக்கென்று ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. மீட்டரில் பார்த்தால் மின்தடையும் சுமார் 12 ஓம், மற்ற இரண்டைப் போலவே. மின்சாரம் வருகிறது, உள்ளே ஊசி திறந்து மூடுகிறது, ஆனால் பெட்ரோல் போக வேண்டிய வாய் அடைத்திருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். புதிதாக ஒரு பொருள்கூட வாங்கவில்லை. எனக்கு அந்த 16,800 நினைவுக்கு வந்தது.

இன்ஜெக்டர் என்பது ஒரு மின்காந்த வால்வு. நம் சாதாரண பெட்ரோல் கார்களில் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் சொன்னதும் ஊசி சில மில்லி செகண்ட் திறக்கும். முடியைவிட அதிகம் பெரிதில்லாத துளைகள் வழியாகப் பெட்ரோல் பனிமூட்டம் மாதிரி விசிறும். பனியாக விசிறினால்தான் காற்றோடு கலந்து முழுதாக எரியும். துளையில் பிசின் படிந்தால் விசிறல் போய், குழாய் ஒழுகுகிற மாதிரி நூலாக இறங்கும், இல்லையென்றால் அளவே குறையும்.

இந்தப் பிசின் எப்போது படிகிறது என்று கேட்டேன். எனக்குத் தெரியாத விஷயம் இதுதான். ஓடும்போது பெரிதாகப் படிவதில்லை, நிறுத்திய பிறகுதான் படிகிறது. எஞ்சினை அணைத்ததும் பெட்ரோல் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் சூடு அங்கேயே நிற்கும். இன்ஜெக்டர் மூக்கில் ஒட்டியிருக்கும் துளிப் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகி, கனமான பகுதி வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் அடுத்து வருகிற பெட்ரோல் அதை ஓரளவு கழுவிக்கொண்டு போகும். கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் ஓட்டினால் அடுக்கு மேல் அடுக்கு.

"அப்பா வண்டியை எப்படி ஓட்டுவாங்க?" என்று கேட்டார் அண்ணன்.

சிரிப்பு வந்துவிட்டது. அப்பா ஓட்டுவதே இல்லை. தினமும் காலையில் ஆறரைக்கு, பேட்டரி இறங்கக் கூடாதென்று, ஷெட்டில் நின்றபடியே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பார். வாரத்துக்கு ஒரு தடவை காய்கறி மார்க்கெட், எப்போதாவது சக்கரபாணி கோயில். ஐநூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டதில்லை. அவர் பார்த்துப் பார்த்துச் செய்த அந்தப் பராமரிப்பே அடைப்புக்கு வழி செய்திருக்கிறது. ஐந்து நிமிட ஓட்டத்தில் பேட்டரியும் பெரிதாக ஏறாது, ஸ்டார்ட் செய்தபோது இழுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலே அதிகம்.

கொட்டகைக்கு வந்து போன இரண்டு மூன்று பேர் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டார்கள். 2023லிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் அதுதான். எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் சற்று இறங்குவது நிஜம். ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். 2014 வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை மனதில் வைத்துச் செய்தவையும் அல்ல. மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிற்கிற வண்டிக்கு இதெல்லாம் கெடுதல்தான். ஆனால் அதே பங்க்கில் அதே பெட்ரோல் போட்டு, அதே வயது வண்டியில் தினமும் தஞ்சாவூர் போய்வருகிற எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஷெட்டைத்தான் சந்தேகிக்கிறேன்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் போதாதா என்றும் கேட்டேன். லேசான படிவுக்குப் போதுமாம், பாலிஈத்தர் அமீன் என்ற பொருள் இருக்கிற பாட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு சிலிண்டரே படுத்த பிறகு பாட்டிலை நம்பக் கூடாது. அடைத்த துளைக்குள் மருந்தே போகாதே.

கழற்றும் முன் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், யூடியூப் பார்த்துத் தானே செய்கிறவர்கள் இதில்தான் தப்பு செய்கிறார்கள். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து தானாக அணைந்தது. இன்னொரு தடவை கிராங்க் செய்து பார்த்தார். பிறகுதான் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாயில் கை வைத்தார். அழுத்தத்தோடு திறந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

மூன்றையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு பைக்கில் தஞ்சாவூர் போனோம். அங்கே இதற்கென்றே ஒரு கடை. மேலே இன்ஜெக்டர்களை மாட்ட ஒரு தண்டு, கீழே அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள், பின்னால் விளக்கு. ஓடவிட்டதும் ஒன்றும் மூன்றும் அழகாகக் கூம்பு வடிவில் விசிறின. இரண்டாவது, கிழவர் வெற்றிலை துப்புகிற மாதிரி ஒரு பக்கமாகக் கோடு இழுத்தது. அதே நேரத்தில் குழாய்களில் சேர்ந்தது 52, 31, 51 மில்லி. ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியில் இருபது நிமிடம், பிறகு தலைகீழாக மாட்டி எதிர்த்திசையில் அலசல். தொட்டித் திரவம் டீ நிறத்துக்கு வந்திருந்தது. மறுபடி ஓடவிட்டால் 53, 51, 52. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் குழாயை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

சாயங்காலம் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான புது ஓ-ரிங்குகளில் ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி மாட்டி, சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் கசிவு பார்த்து, பிறகு ஸ்டார்ட். பிள்ளையார் ஆடவில்லை. இன்ஜெக்டர் கழுவ 1,200, ஓ-ரிங்கும் குட்டி ஃபில்டரும் 360, புது பிளக் மூன்றுக்கு 480, கூலி 900. ஆக 2,940 ரூபாய். மூவாயிரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன், அறுபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே விசிறும் புதுவகை எஞ்சின் என்றால் இந்த வைத்தியம் தகரக் கொட்டகையில் நடக்காது. அங்கே அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும், அதற்கான கருவியும் ஆளும் வேறு. எந்த வண்டியானாலும் எஞ்சின் விளக்கு எரிவதோடு நில்லாமல் சிமிட்டினால் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதுவே போய்விடும், அதன் விலைக்கு முன்னால் இன்ஜெக்டர் விலை ஒன்றுமே இல்லை.

கிளம்பும் முன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். ஷெட்டில் ஸ்டார்ட் செய்வதை விட்டுவிடுங்கள், வாரத்துக்கு ஒருநாள் சுவாமிமலை தாண்டித் திருவையாறு வரை போய்ட்டு வாங்க, ஒரு மணி நேரம் ஓடட்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சிங்கப்பூர் வந்து மூன்றாவது வாரம் போனில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குப்பா. நீ சொன்ன மாதிரி அஞ்சு நிமிஷம் பத்தாதுன்னு இப்பல்லாம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்."