பழியை யார்மேல் போடுவது? கிரிஃபித்தும் டிமில்லும்

“இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக.” இயேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கூடிய யூதக் கூட்டம் ரோம ஆளுநர் பிலாத்துவிடம் சொன்னதாக மத்தேயு சுவிசேஷம் எழுதும் இந்த ஒரு வரியைச் சொல்லியே நூற்றாண்டுக்கணக்கில் யூதர்களை அடித்தார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள். இயேசுவின் கதையை மௌனப்படமாக எடுத்த இரண்டு அமெரிக்க இயக்குநர்கள் இந்தப் பழியை இரண்டு விதமாகக் கையாண்டார்கள்.

கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ 1916இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரை ஒரு கும்பல் சிறையிலிருந்து கடத்திப்போய்த் தூக்கிலிட்டிருந்தது. சிலுவைக் காட்சியில் யூதர்களைக் கொலையாளிகளாகக் காட்டக் கூடாது என்று பினாய் பிரித் என்ற யூத அமைப்பு எதிர்க்கவே, கிரிஃபித் ரோமப் படைவீரர்களை வைத்து அதை மறுபடி எடுத்தார். இயேசு கலந்துகொண்ட கானா ஊர்க் கல்யாணத்தின் சடங்குகளைக் காட்ட ஒரு ரபியின், அதாவது யூத மதகுருவின், ஆலோசனையையும் பெற்றார். கறுப்பின மக்களை இழிவுபடுத்திப் படம் எடுத்தவர் அவர்; அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இங்கே அவர் செய்தது சரி.

டிமில் 1927இல் எடுத்த ‘தி கிங் ஆஃப் கிங்ஸ்’ வேறு வழியில் போனது. பிலாத்து கைகழுவும்போது கூட்டம் பழியேற்பதில்லை. பழி என்மேல், என் ஒருவன்மேல் மட்டும் என்கிறார் பிரதான ஆசாரியர் காய்பா. பூமி அதிர்ந்த பிறகு, இஸ்ரவேல் மக்கள்மேல் கோபம் கொள்ளாதேயும், குற்றவாளி நான்தான் என்று மன்றாடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காய்பா யார்? மதத்தைவிட வருமானத்தையே பெரிதாக நினைப்பவர், ஆலயத்தில் வரும் லாபம் போய்விடுமே என்று அஞ்சுபவர் என்றுதான் மௌனப்படத்தில் வசனம் காட்டும் எழுத்து அட்டை அவரை அறிமுகம் செய்கிறது. பருத்த உடல், தாடி, கனத்த அங்கி. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை 1920 முதல் பரப்பிவந்த அதே பணப்பேய் யூதன்! காய்பாவாகவும் யூதாசாகவும் நடித்த ஷில்ட்கிராட் தந்தையும் மகனும் யூதர்கள் என்பது இதை மாற்றிவிடாது. எதிர்ப்பு கிளம்பியபின் டிமில் சில மாற்றங்கள் செய்தார். முகம் மாறவில்லை.

என் தேர்வு கிரிஃபித்தின் வழிதான். மௌனப்படத்தில் எழுத்து அட்டை சில நொடிகளில் மறைந்துவிடும். கண்ணில் பட்ட முகம் மனதில் தங்கும். கிரிஃபித் கண்ணுக்குத் தெரிவதைத் திருத்தினார். டிமில் வசனத்தைத் திருத்தினார். டிமில்லின் படமோ தேவாலயங்களில் பல பத்தாண்டுகள் திரையிடப்பட்டது. காய்பாவின் மன்றாட்டோடு அந்த முகமும் அங்கெல்லாம் போனது.