வீல் ஸ்பேசர் வாங்கப் போறீங்களா? அரை மாசச் சம்பளத்தைத் தொலைச்சவன் எழுதுறேன்

கோபம் அடங்கறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஸ்பேசரை (வண்டிக்கும் வீலுக்கும் நடுவுல மாட்டி வீலை வெளிய தள்ளி வைக்கிற உலோக வளையம்) எப்படிப் பார்த்து வாங்கணும், எப்படி மாட்டணும்னு கடைசியில விவரமா சொல்றேன். முதல்ல எனக்கு நடந்தது. அரை மாசச் சம்பளம் போச்சு மக்களே. அதோட ஒரு குறையும் இல்லாம ஓடிட்டு இருந்த வண்டியோட ஸ்டட்களும் (வீல் நட்டு ஏறுற மரை போட்ட கம்பிகள்) போச்சு.

அலாய் வீல் மாத்தினதுல இருந்து பின் டயர் ரெண்டும் ரொம்ப உள்ள தள்ளி நின்னுச்சு. 20 மி.மீ. ஸ்பேசர் போட்டா சரியா வந்துடும். அளவெல்லாம் கையில வெச்சிருந்தேன்: 4×100 (நாலு ஸ்டட், அதுங்க நிக்கிற வட்டம் 100 மி.மீ.), ஹப்போட (வீல் உட்கார்ற நடுப்பாகம்) நடு விட்டம் 54.1 மி.மீ., ஸ்டட் எம்12×1.5 (12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ.). கார் ஆக்சஸரி மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில விசாரிச்சேன்.

நான் நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "அண்ணா, சென்டர் போர், அதான் நடுத்துளை, எவ்ளோன்னு பார்த்தீங்களா? அது பொருந்தாத ஸ்பேசரைத் தொடவே தொடாதீங்க"ன்னு அவனே சொன்னான். வெறும் வியாபாரி இந்தப் பேச்சே எடுக்க மாட்டான். அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு. ஸ்பேசரோட நடுத்துளைக்குள்ள டிஜிட்டல் வெர்னியர் (துல்லியமா அளக்கிற கருவி), திரையில பளிச்சுன்னு 54.10. "உங்க செட்டுதான் அண்ணா, இப்பதான் கடைசல்ல இருந்து இறங்குச்சு." அந்த நிமிஷமே பணத்தை அனுப்பிட்டேன்.

மாட்டறதுக்கும் அவங்க சொன்ன ஃபிட்டிங் கடைக்குத்தான் போகணுமாம், அப்பத்தான் வாரண்டி. அங்க போனா, வேலை நடக்கிற பக்கம் கஸ்டமர் வரக் கூடாதுன்னு முன்னாடி உட்கார வெச்சுட்டாங்க. உள்ளேருந்து ஏர் கன் சத்தம், நடுவுல கொஞ்ச நேரம் கிரைண்டர் சத்தம். வேற வண்டி வேலைன்னாங்க. "பக்காவா உட்கார்ந்துடுச்சு சார்"னு சாவியைக் கொடுத்தாங்க.

80-ஐத் தாண்டினதும் சீட்டுக்கு அடியில அதிர்வு. கடைக்குப் போன் பண்ணினேன். "வீல் பேலன்ஸ் பண்ணுங்க அண்ணா." பண்ணினேன், குறையல. "டயர் ஓவலா இருக்கும் சார்." போன வாரம் வரைக்கும் இதே டயர்தானே ஓடுச்சு? "மாட்டின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." ஃபிட்டிங் கடையில கேட்டா பொருள் அவங்களுதுங்கறான், இவன்கிட்ட கேட்டா மாட்டினது அவங்கங்கறான். அண்ணான்னு ஆரம்பிச்சவன் சாருக்கு இறங்கி, கடைசியில "அன்பார்ந்த வாடிக்கையாளரே"ன்னு தானா வர்ற பதில்ல போய் நின்னான்.

வழக்கமா பார்க்கிற மெக்கானிக்கிட்ட கொண்டு போய்க் கழட்டினப்பதான் வயிறு எரிஞ்சுது. ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் நடுவுல சுத்திலும் கண்ணுக்குத் தெரியற இடைவெளி. அவர் வெர்னியரை வெச்சார்: 56.1. ஹோண்டா சின்ன கார்களுக்கு வர்ற அளவு அது. போட்டோல காட்டினது ஒண்ணு, பெட்டியில வந்தது வேற.

இந்த மாதிரி ஸ்பேசர்ல ரெண்டு அடுக்கு நட்டு. உள் நட்டு ஸ்பேசரை ஹப்போட சேர்த்துப் பிடிக்கும், வெளி நட்டு வீலைப் பிடிக்கும். வீல் மாட்டியிருக்கிற வரைக்கும் உள் நட்டு கண்ணுல படாது. என் வண்டியில அந்த உள் நட்டுகள்ல ஒண்ணை ரெண்டே விரலால சுத்த முடிஞ்சுது! துளையைச் சுத்தி உலோகம் தேய்ஞ்சு பளபளன்னு வளையம், அதுல சாம்பல் நிறப் பொடி. அதே வீல்ல குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஹைவேயில போயிருக்கேன்.

கிரைண்டர் சத்தம் எந்த வண்டிக்குன்னும் அப்பத்தான் தெரிஞ்சுது. ஒரிஜினல் ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருந்தா வீல் சமமா உட்காராது. அதுக்கு வீலோட பின்பக்கம் குழி இருக்கணும், இல்லாட்டி இன்னும் தடிமனான ஸ்பேசர் போடணும். இவங்க என்னை ஒரு வார்த்தை கேக்காம ஸ்டட் நுனியை வெட்டிட்டாங்க. ஸ்பேசரைக் கழட்டி வீலை நேரா மாட்டினா நட்டுக்குப் போதுமான மரை கிடைக்கல. எம்12 ஸ்டட்ல குறைஞ்சது 12 மி.மீ. மரை பிடிக்கணும், 1.5 மரைக்கு அது எட்டு சுத்து. ரெண்டு வீலுக்கும் எட்டு ஸ்டட்டையும் அடிச்சு எடுத்துப் புதுசு போட வேண்டியதாயிடுச்சு. ஸ்பேசர், ஃபிட்டிங், ஸ்டட், கூலி எல்லாம் கூட்டினா அரை மாசச் சம்பளம். திரும்பி வந்தது ஒரு பைசா இல்ல.

பேலன்ஸ் பண்ணியும் ஏன் குறையலன்னும் மெக்கானிக்தான் சொன்னார். பேலன்ஸ் மெஷின்ல ஏறுறது வீல் மட்டும்தான், ஸ்பேசர் வண்டியிலயே இருக்கும். ஸ்பேசர் மையம் விலகி உட்கார்ந்திருந்தா அந்த மெஷின்ல எப்படித் தெரியும்? கடைக்காரனுக்கு இது தெரியாமலா பேலன்ஸ் பண்ணச் சொன்னான்!

சரி, சொன்ன விவரத்துக்கு வர்றேன். பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, நடுத்துளையை வெர்னியர் வெச்சு அளந்து பார்க்காம மாட்ட விடாதீங்க. ஸ்பேசரோட ஸ்டட் தலையில 10.9-னு வலிமைத் தரக் குறி இருக்கான்னு பாருங்க, எனக்கு வந்ததுல எதுவுமே இல்ல. உள் நட்டை ஏர் கன்ல விட்டுட்டுப் போக விடாதீங்க, வண்டிப் புத்தகத்துல இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) வெச்சு உங்க கண் முன்னாடி இறுக்கணும். 50-100 கி.மீ. ஓடினதும் வீலைக் கழட்டி உள் நட்டைத் திரும்பவும் பார்க்கணும். வேலை நடக்கிற இடத்துல நிக்க விடலைன்னா சாவியை வாங்கிட்டுக் கிளம்புங்க. வீல் பேரிங் மேல கூடுதல் சுமை வர்றது, முன் வீல்ல போட்டா ஸ்டீயரிங் இழுக்கறது, இதெல்லாம் எழுத இப்ப பொறுமை இல்ல. கார்டு கம்பெனிக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு புகார் எழுதணும், அந்த 54.10 போட்டோவையும் 56.1 போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பப் போறேன்.