40,000 கொடுத்துப் பதர் வாங்கினேன், புல் விதை வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

நேற்று இரவுதான் விதை விற்ற ஆளிடம் கடைசியாகப் பேசினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து கொஞ்சம் தாறுமாறாகத்தான் இருக்கும்.

களை மண்டிக் கிடந்த நிலத்தைத் திரும்பப் புல்வெளியாக்க 20 கிலோ ஊசிப்புல் விதை வாங்கினேன். இணையத்தில் நாட்டுப்புல் விதை விற்கிற ஒருவர். 40,000, முழுப்பணமும் முன்கூட்டியே. ஏன் நம்பினேன் என்றால், "புது விதையை உடனே தெளிச்சா முளைக்காது சார், அதுக்கு உறக்கம் உண்டு, நாங்க மாசக்கணக்கா வச்சிருந்துதான் தர்றோம்" என்றார். ஊசிப்புல்லுக்கு அது உண்மையும்கூட. விஷயம் தெரிந்தவர் என்று நினைத்து அந்த நிமிடமே பணத்தைப் போட்டுவிட்டேன். அவர் அனுப்பிய தாளில் முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று இருந்தது, புறத்தூய்மை, அதாவது பையின் எடையில் பதரும் குப்பையும் களை விதையும் போக அந்தப் புல்லின் விதை எத்தனை சதவீதம் என்ற வரியே இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மண்ணை மேலாகக் கீறி, தூவி, விதை மண்ணோடு ஒட்டட்டும் என்று மிதித்தும் விட்டேன். மழையும் பெய்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஊசிப்புல் அங்கொன்றும் இங்கொன்றும், நடுநடுவே கொத்துக் கொத்தாகக் கினியாப்புல் என்ற களை! அந்த நிலத்தில் அதற்கு முன் ஒரு தூர்கூட இருந்ததில்லை.

கேட்டால் முதலில் மழை போதவில்லை என்றார். அப்புறம் நான் ஆழமாகப் போட்டுவிட்டேனாம். மூன்றாவது தடவை, "உறக்கத்துல இருக்கு சார், அடுத்த வருஷம் வரும்". என்னை நம்ப வைத்த அதே வார்த்தை!

அப்போதுதான் மிச்சமிருந்த பையைக் கொட்டி, நூறு உமியை எண்ணி நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பதினான்கில்தான் மணி இருந்தது, மற்றதெல்லாம் பதர். உறங்கும் விதைக்குள் மணி இருக்கும், பதர் எந்த வருஷம் முளைக்கும்? டெட்ரசோலியம் சோதனை செய்தால் உயிருள்ள கரு சிவக்கும், உறக்கத்தில் இருந்தாலும் தெரிந்துவிடும், இருவரும் சேர்ந்தே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்போம் என்றேன். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. 40,000 போனது போனதுதான்.

நல்ல விதையிலும் முளைத்ததெல்லாம் நிலைக்காது, பெரும்பாலானவை நாற்றாக இருக்கும்போதே காய்ந்துவிடும், அது எனக்கும் தெரியும். ஆனால் காய்வதற்காவது முதலில் முளைக்க வேண்டுமே!

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முளைப்புத்திறனை மட்டும் பார்க்காதீர்கள், அது தூய விதையில் எண்ணிய கணக்கு. தூய்மை 20 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றால் 20 கிலோவில் உயிருள்ளது 3.2 கிலோதான். களை விதை என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். ஒரு கைப்பிடி மாதிரி கேட்டு நசுக்கிப் பாருங்கள். முழுப்பணம் முன்னால் தராதீர்கள்.

கினியாப்புல் பூக்கும் முன் தோண்டியாக வேண்டும், காலையில் மண்வெட்டியோடு போகிறேன். அதற்கும் 40,000-க்கும் சேர்த்து அவரைத் திட்டிக்கொண்டே தோண்டுவேன்.