சூப்பர்சார்ஜர் என்ஜினுக்கு வாங்கிய ரிங் செட்

டொயோட்டாவின் பழைய 4ஏ-ஜிஸெட்இ என்ஜின்; காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் உள்ளது. போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, 81.5 மில்லிமீட்டருக்கு ஏற்றி, ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனும் வாங்கியாயிற்று. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்தான் தலைவலி. கடைக்காரர் முதலில் நீட்டியது மாலிப்டினம் பூசிய வார்ப்பிரும்பு ரிங். சாதாரண என்ஜினுக்கு அது தாராளம், சிலிண்டர் சுவரோடு சீக்கிரம் செட்டும் ஆகும். ஆனால் பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) நாக்கிங், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது, வந்தால் அந்தப் பூச்சு பெயர வாய்ப்புண்டு. அதனால் மேல் ரிங் நைட்ரைடு செய்த (நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கிய) ஸ்டீலாக இருக்கும் ஃபைல்-ஃபிட் செட்டை எடுத்தேன். விலை கூடத்தான், வருத்தமில்லை.

ஃபைல்-ஃபிட் என்றால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளியை நாமே அரமிட்டு எடுக்க வேண்டும். பூஸ்டில் ரிங் கூடுதலாகச் சூடாகி நீளும். இரு முனைகளும் முட்டிக்கொண்டால் சிலிண்டர் கீறும், பிஸ்டனின் ரிங் லேண்டே (ரிங் பள்ளங்களுக்கு இடையிலான விளிம்பு) உடையலாம். போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.0055 அங்குலம் என்று கணக்கிட்டு, மேல் ரிங்குக்கு 0.45 மில்லிமீட்டர் விட்டேன். இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் அதிகம். இல்லையென்றால் இடையில் அழுத்தம் தேங்கி மேல் ரிங்கைத் தூக்கும்.

ரிங்கில் மேல்பக்கம் எது என்று காட்டும் குறி தெளிவாக இருக்கிறது, ஆயில் ரிங்கும் பள்ளத்தில் சுலபமாகச் சுழல்கிறது. குறை ஒன்றுதான்: கூடவே வந்த தாளில் பூஸ்ட் என்ஜினுக்கான அளவே இல்லை. இந்த விலைக்கு அதையாவது அச்சடித்திருக்கலாம்!

புது ரிங் செட்டாவதற்காக மினரல் ஆயில் ஊற்றி, சும்மா ஐடிலில் விடாமல் லோடு கொடுத்து ஓட்டினேன். நீலப் புகை இல்லை, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், கையால் சுற்றும் மலிவான ரிங் ஃபைலரே போதும். முனைப் பிசிறை மட்டும் எண்ணெய்க் கல்லில் எடுத்துவிடுங்கள்.