சிறுத்தைப் பல்லிக்குச் சூடு எங்கிருந்து வரவேண்டும்: ஹீட் மேட்டா, ஹாலஜனா, செராமிக்கா?

வீட்டில் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி, அதாவது லெப்பர்ட் கெக்கோ, இரை எடுக்க மறுக்கிறது என்று யாராவது சொன்னால், தொட்டியின் சூடான பக்கத்தில் தரை எத்தனை டிகிரி என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானியைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அது காட்டுவது காற்றின் வெப்பம். பல்லி படுப்பதோ தரையில். அங்கே 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். எதிர்ப்பக்கம் 24 முதல் 26 போதும். உடம்பு சூடேறாவிட்டால் விழுங்கிய சிள்வண்டு செரிக்காது. கக்கிவிடும், நாளடைவில் உண்பதையே நிறுத்திவிடும்.

அதிகம் விற்பது ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு. மலிவு, மின்சாரமும் குறைவு. இந்தப் பல்லிக்கு வயிற்றுக்கு அடியில் சூடு இருந்தால்தான் செரிக்கும் என்ற பழைய நம்பிக்கையும் அதற்குத் துணை. ஆனால் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்களில் பாறையைச் சூடாக்குவது மேலிருந்து அடிக்கும் வெயில். பகலெல்லாம் காய்ந்த கல், அந்தியில் வெளியே வரும் பல்லிக்குச் சூட்டைத் திருப்பித் தருகிறது. மேட்டோ தன்னைத் தொடுவதை மட்டுமே சூடாக்கும், காற்றை எட்டாது. மேலே மண்ணைத் தடிமனாகப் போட்டால் சூடு அடியிலேயே தங்கிக் கண்ணாடியைக் காய்ச்சும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டினால் வயிறு வெந்து போகும். செருகியவுடன் சூடாகும் செயற்கைப் பாறைகளும் இதே ஆபத்துதான். அவற்றை வாங்கவே வேண்டாம்.

ஹாலஜன் பல்பு வெயிலுக்கு நெருங்கி வருகிறது. மேட்டிலிருந்து வரும் நீள் அலை அகச்சிவப்புக் கதிர் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஹாலஜனின் குறுகிய அலைக் கதிர்கள் தோலைத் தாண்டித் தசைவரை இறங்கும். கீழே ஒரு தட்டையான கல்லை வைத்தால் வயிற்றுச் சூடும் தானாகக் கிடைத்துவிடும். பகல் இரவு என்ற ஒழுங்கும் வருகிறது. இதற்கு, பல்பை அணைக்காமல் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் கட்டாயம். அணைத்து அணைத்து எரியவிடும் சாதாரண வகை பல்பையும் கெடுக்கும், விலங்கையும் மிரட்டும். நிறமி குறைந்த அல்பினோ வகைகளுக்கு வெளிச்சம் கூசும் என்பதால் அவற்றுக்கு மறைவிடங்களைக் கூட்டவேண்டும்.

செராமிக் ஹீட்டர் ஒளி தராது. அறை வெப்பம் இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகும் குளிர்நாடுகளில் அது கைகொடுக்கும். அறை 20 டிகிரிக்குக் குறையாவிட்டால் இரவில் எதுவுமே தேவையில்லை. பகல் முழுவதும் செராமிக்கையே நம்பினால் தொட்டி வறண்டு, உரியும் தோல் விரல்களில் வளையமாக இறுகிக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். எனவே எந்தச் சூடானாலும் ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்று இருக்கட்டும். இரவுக்கென்று விற்கும் சிவப்பு பல்பு வேண்டாம். இரவு இருட்டாகவே இருக்கட்டும்.

என் தேர்வு: பகலில் ஹாலஜன், தேவைப்பட்டால் இரவில் செராமிக். ஏற்கெனவே மேட் வாங்கியிருந்தால் தூக்கி எறியவேண்டாம். தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பல்லி படுக்கும் தரையிலேயே பொருத்தி, துணைச்சூடாக வைத்துக்கொள்ளலாம்.

சூட்டைச் சரிசெய்தபின்னும் சில நோய்கள் மிஞ்சும். கால் வளைவதும் தாடை இளகுவதும் கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்ததன் அடையாளம். இரையின்மேல் தூவும் பொடியும் மிதமான யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கும் அதைத் தடுக்கும். இந்தப் பல்லி கொழுப்பைச் சேமிப்பது வாலில். தரைச்சூடு சரியாக இருந்தும் வால் குச்சியாக மெலிந்துகொண்டே போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அப்படித்தான் உருக்கும். மற்ற பல்லிகளுக்கும் பரவும். மெலியும் பல்லியைத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டு, புதிய எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள்.