ஊட்டியில் ஆயா பயிற்சி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்குப் பத்து நாள் பயிற்சி. ஆறு நாள் மையத்தில், மீதி நாலு நாள் ஆயா வேலைக்குப் போகப்போகிற வீட்டிலேயே, தாய் பக்கத்தில் இருக்கும்போது. இந்த நாலு நாளுக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம்.

எட்டு மாதக் குழந்தைக்கு முகம் தெரிய ஆரம்பித்திருக்கும்; புது ஆள் தூக்கினால் வீறிட்டு அழும். அதனால் முதல் நாள் ஆயா குழந்தையைத் தொடுவதே இல்லை. கூடத்தில் பாய் விரித்து எட்ட உட்கார்ந்து கிலுகிலுப்பையை உருட்டுகிறார். குழந்தையாகத் தவழ்ந்து வரட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டாம் நாள் சோறு ஊட்டுவது, மூன்றாம் நாள் குளியலும் தூக்கமும். நாலாம் நாள் தாய் ஒரு மணி நேரம் வெளியே போய்வர வேண்டும். நைசாக நழுவக் கூடாது, டாட்டா காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று அவருக்கும் பாடம் உண்டு.

தாயிடமும் பாட்டியிடமும் தனித்தனியே கேள்வி கேட்டு எழுதி வாங்குவது இன்னொரு நல்ல வழக்கம். சாம்பிராணி போடலாமா, கண்ணுக்கு மை வைக்கலாமா, அழுதால் போன் காட்டலாமா? ஒருவர் ஆகட்டும் என்பார், மற்றவர் கூடாது என்பார். நடுவில் அகப்படுவது ஆயா. அதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். ஆயாவிடமும் கேட்கிறார்கள்: ஹட்டிக்கு, அதாவது அவருடைய மலைக் கிராமத்துக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? வேலை கொடுத்த வீட்டுக்காரர் தினமும் அரை மணி தாமதமாக வந்தால், எவ்வளவு நல்ல ஆயாவும் இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார். பிள்ளைத் துணி மட்டுமா, வீட்டுத் துணியும் துவைக்கணுமா என்பதையும் எழுதிவிடுகிறார்கள்.

குறை, பாடம் சமவெளிக் கணக்கில் இருப்பதுதான். குழந்தைக்கான தண்ணீர் ஒரு நிமிடம் கொதித்தால் போதும் என்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க வேண்டும். பவுடர் பாலை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, ஆற்றிக் கொடுக்கணும். குழந்தை வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

குளிருக்காக மூட்டை மாதிரி சுற்றிவிடுவதும் திருத்தப்படவில்லை. கைகால் சில்லென்று இருப்பதைப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றணும். தூங்கும்போது குல்லா வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கரி அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது. புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் ஆபத்தில்லை என்று நினைத்து அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்துகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குழந்தை அறையிலும், ஆயா தங்கும் அறையிலும் அடுப்பு கூடாது. கூடுதல் கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

கட்டணத்தை ஆயாவின் சம்பளத்தில் பிடிக்காமல் வீட்டுக்காரரிடம் வாங்குவது நியாயம். ஆனால் அந்த நாலு நாளுக்கு ஆயாவுக்குக் கூலி உண்டா என்பது ரசீதில் இல்லை. கேட்டு, எழுதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.